ரீடேக் அண்ணன் எடுத்த சாவு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து வரிக்கு வரி கீழே சரிந்துகொண்டே போகும். பிழைகளும் இருக்கும். ஆசிரியர் ஐயா திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டிய தாலியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் அரியலூர் ரீடேக் அண்ணன். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். நான் அவருக்கு லைட் பிடிப்பவன். ஒரு முகூர்த்தத்தில் பெண்ணின் தாய்மாமன் தலை குறுக்கே வந்துவிட்டது. "மாப்ள, அவுத்துட்டு இன்னொரு தடவ கட்டுங்க. மறைச்சிருச்சு" என்றார் அண்ணன். மேளம் நின்றுவிட்டது. தாய்மாமன் அவரைச் சட்டையோடு தூக்கி வாசலில் போட்டார். கீழே கிடந்தபடியே அண்ணன், "சார், உங்க கோவம் பிரமாதம். படத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அந்தத் தாய்மாமன் நடிக்கவும் செய்தார் என்பதுதான் அதைவிட அதிர்ச்சி. கல்யாண கேசட்டில் மிச்சமிருக்கும் இடத்தில் குறும்படம் எடுப்பது அண்ணன் வழக்கம். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காட்டில் ஒரு கொலைக் கதை. எடுத்ததை அழிக்க மறந்து, கேசட்டைப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டார். அவர்கள் சொந்தபந்தங்களைக் கூட்டி டிவியில் போட்டிருக்கிறார்கள். பந்தியில் பாயசம் ஊற்றுகிறார்கள். அடுத்த நொடி, தாய்மாமன் அரிவாளோடு ஓடுகிறார்! பெண்ணின் அம்மா மயங்கி விழுந்தார். மாமன் மட்டும், "அந்த எடத்த இன்னொருக்கா போடுங்க" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அண்ணன் முழுநீளப் படத்தில் இறங்கிவிட்டார். அதற்காகத் தன் சொந்தக் கேமராவையே விற்றார். திருச்சியிலிருந்து வாடகைக் கேமரா வந்தது. எல்லாம் எடுத்தாயிற்று, கடைசியில் வரும் சாவு மட்டும் சரியாக அமையவில்லை. "அழுக பொய்யா இருந்தா படமே குப்பைடா தம்பி" என்று எடுத்ததையெல்லாம் தூக்கிப் போட்டார். கடைசி நாள் வந்துவிட்டது, சாயங்காலம் கேமரா திரும்பிப் போக வேண்டும். மறுபடி வாடகை கொடுக்க அவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை.

பிணமாக என்னைப் படுக்கச் சொன்னார்.

"கூச்சமா இருக்குண்ணே."

"பொணத்துக்கு என்னடா கூச்சம்? வசனம்கூட கெடையாது. படு."

ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவியிடம் சொல்லவில்லை. நடிக்கிறேன் என்று சொல்ல அவ்வளவு வெட்கம்.

விக்கிரமங்கலத்தில் ரோட்டோரம் ஒரு வீடு. வாசலில் மாலையோடு நான். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. கேமரா கண்ணில் பட்டால் அழுகை பொய்யாகிவிடும் என்று அண்ணன் அதை ஜன்னலுக்குள் ஒளித்து வைத்திருந்தார். உள்ளூர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் போன என் மனைவியின் பெரியப்பா, பஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார்.

அரைத் தூக்கத்தில் கிடந்தேன். வேன் நிற்கும் சத்தம் கேட்டது. மாமியார் வீடே இறங்கியது. மச்சான் கையில் என் மனைவிக்குக் கோடிப் புடவை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் புடவை. எங்கள் பக்கம் சாவுக்கு வருகிறவர்கள் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள், எப்படிச் செத்தார் என்று பிறகுதான் கேட்பார்கள். இவர்களும் அப்படியே அழுதார்கள். உள்ளூர்ப் பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். "டவுன்காரவுங்க என்னாமா நடிக்கிறாங்க பாருடி" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

எழுந்திருக்க நினைத்தேன். அதற்குள் என் மனைவி என் நெஞ்சில் விழுந்துவிட்டாள்.

"என்னயக் கேக்காம ஒரு சட்டத் துணிகூட எடுக்க மாட்டியே என் ராசா! இப்ப ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டியே!"

ராசாவா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் எனக்கு 'இந்தாங்க' என்பதுதான் பேர். என்னை மீறிக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ஆத்தாடி, பொணம் அழுவுது!" என்று மாமியார் அலறினார். கூட்டம் சிதறியது. நான் எழுந்து உட்கார்ந்தேன். மச்சான் கோடிப் புடவையாலேயே என்னை அடித்தார். பிறகு வீட்டு ஜன்னலில் கேமராவைப் பார்த்தார். உள்ளே போய் அண்ணனை இழுத்து வந்தார். அண்ணன் கேமராவைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் முகமும் நனைந்திருந்தது.

"அண்ணே, அத அழிச்சிருங்க" என்றாள் என் மனைவி. "நான் தாலியறுத்தவளா அழுதத ஊரு பாக்கணுமா?"

"தங்கச்சி, இத்தன வருசமா நான் தேடுனது இதுதாம்மா."

"எனக்கு இது படமில்லண்ணே."

அண்ணன் அவள் கண்ணெதிரே டேப்பை ஓட்டி, அழிப்பதற்குப் பொத்தானில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "மூஞ்சியக் காட்டாதீங்க. கொரலு வேணா இருந்துட்டுப் போவட்டும்."

பெரம்பலூரில் ஒரு மைதானத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள், நாங்கள் இருவரும் போயிருந்தோம். கடைசியில் திரையில் ஒரு சாத்திய கதவு மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து என் மனைவியின் குரல். ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவளிடம், "யாருடி இவ, நெசமா புருசன் செத்த மாதிரியே அழுவுறா?" என்று கேட்டாள். "எவளோ" என்றாள் இவள். என் கையை மட்டும் விடவில்லை.

இப்போதும் அண்ணன் வீட்டுக்கு வந்தால் முதலில் நன்றாகத் திட்டுவாள். பிறகு தட்டு வைப்பாள். மீன் குழம்பு வைத்த அன்று அவர் வரவில்லையென்றால், அவருக்கென்று எடுத்து வைத்த தலைத் துண்டை அவளும் தொட மாட்டாள், எனக்கும் போட மாட்டாள்.

2007, போகிப் பண்டிகை அன்று எழுதியது.