சாய்ஸில் விட்ட சிப்பாய்

எதையும் புரிந்துகொள்ளாமல், மனப்பாடம் செய்தே ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போகலாம் என்று யாராவது கேட்டால், வாணியம்பாடியிலிருந்து வைட்ஃபீல்ட் வரை போகலாம் என்பேன். அதற்கு மேல் சிரமம்.

பள்ளியில் வடிவியல் தேற்றங்களை ஒரு காற்புள்ளி பிசகாமல் நிரூபித்தவன் நான். முக்கோணத்தில் ஏ, பி, சி என்று இருப்பதை பி, க்யூ, ஆர் என்று மாற்றிக் கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். (கேட்கவில்லை. அந்தக் கருணையில்தான் இன்ஜினீயர் ஆனேன்.)

ஊரிலிருந்து இந்த அடுக்ககத்துக்கு வந்தபோது என் மகள் மது ஏழாம் வகுப்பு. இங்கிருந்த பெண்கள் ஏற்கெனவே ஒரு கூட்டமாக இருந்தார்கள். அதில் புதிதாக ஆள் எடுப்பதாகத் தெரியவில்லை. மது தினமும் மாலையில் கீழே போவாள், யாருக்கோ காத்திருப்பவள்போல நீரூற்று அருகில் நிற்பாள், மேலே வந்துவிடுவாள்.

"கீழ என்னடி பண்ணின?" என்பாள் என் மனைவி கலா.

"நின்னேன்."

அப்போதுதான் லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடும் செஸ் போட்டி. ஜெயிக்கும் ஜோடியின் பிள்ளைக்கு அடுக்ககத்தின் செஸ் அணியில் இடம்.

"டீம்ல சேந்துட்டா தினம் சாயங்காலம் பிராக்டீஸ் இருக்கும்பா," என்றாள் மது. "நிக்க வேணாம். உக்காரலாம்."

இதற்கு மேல் ஒரு தகப்பனிடம் என்ன சொல்ல வேண்டும்?

விதி இதுதான்: ஒரு நகர்த்தல் பிள்ளை, அடுத்தது பெற்றோர், மாறி மாறி; யார் தொடங்குவது என்பது அந்தந்த ஜோடியின் இஷ்டம். நடுவே பேசக் கூடாது, ஜாடை கூடாது. மதுவுக்கு நன்றாக ஆட வரும். எனக்குக் காய்கள் எப்படி நகரும் என்பது மட்டும் தெரியும். ஆகவே ஓப்பனிங் எனப்படும் ஆரம்ப நகர்த்தல்களுக்கு ஒரு புத்தகம் வாங்கி, மெட்ரோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்துப் படித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள்.

மது ஒருநாள் என்னைச் சோதித்தாள்.

"மூணாவது மூவ்ல நம்ம பிஷப் எதுக்குப்பா அவ்ளோ தூரம் போகுது?"

"புக்ல மூணாவது மூவ் அதான்."

"அது காரணம் இல்லப்பா."

"காரணத்துக்கு யாரும் மார்க் போடறதில்லம்மா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாக இருக்கும்.

அந்த பிஷப் போய் நின்றபின் புத்தகம் இரண்டாகப் பிரியும். எதிராளி இன்னொரு குதிரையைக் கொண்டுவந்தால் நாம் காஸ்லிங் செய்யலாம், அதாவது ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தலாம். மாறாக, எதிராளி ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஓர் அத்தியாயம், தலையணை கனத்தில். நான் பள்ளிக்கூட நாட்களிலிருந்து கனமான பாடங்களை என்ன செய்து வந்தேனோ அதையே இதற்கும் செய்தேன். சாய்ஸில் விட்டேன்.

எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். (முன் சுற்றில் ஓர் அப்பா ஆபீஸ் போன் வந்து எழுந்து போனவர் திரும்பவே இல்லை.) ஞாயிறு காலை, கிளப்ஹவுஸ். எதிரே பக்கத்து பிளாக் மஞ்சுநாத், அவர் மகள் ரக்ஷிதா. மஞ்சுநாத், தமிழர்கள் அதிகமுள்ள மர்பி டவுனில் வளர்ந்த கன்னடக்காரர். தமிழ் நன்றாக வரும். ரக்ஷிதாதான் அந்தப் பெண்கள் கூட்டத்தின் தலைவி. அத்தனை பெண்களும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். மதுவின் பின்னால் கலா நின்றாள், கையில் தண்ணீர் பாட்டிலுடன்.

மது சிப்பாயை நகர்த்தினாள். நான் குதிரை. மது பிஷப். எல்லாம் புத்தகப்படி. மஞ்சுநாத் காதைச் சொறிந்துகொண்டே ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

சாய்ஸில் விட்ட கேள்வி கட்டாயக் கேள்வியாக வந்திருந்தது. அதற்கும் ஆண்டாண்டுகாலமாக என்னிடம் ஒரு மருந்து உண்டு: கேட்டதற்கு விடை தெரியாவிட்டால், தெரிந்த விடையை எழுதிவிட வேண்டும்.

ராஜாவை எடுத்து, அழகாக, காஸ்லிங் செய்தேன்.

மது கண்ணை மூடிக்கொண்டாள். ரக்ஷிதா அந்தச் சிப்பாயாலேயே எங்கள் பிஷப்பைத் தூக்கி மேஜையில் வைத்தாள். அது அங்கே வந்ததே எங்கள் பிஷப்பை விரட்டத்தான் என்பது, பிஷப் மேஜைக்கு வந்தபிறகே எனக்கு விளங்கியது.

ஒரு காயைத் தொலைத்துவிட்டும் மது விடவில்லை. நான் கெடுப்பதும் அவள் சரிசெய்வதுமாக ஆட்டம் நீண்டது. கடைசியில் தன் குதிரையைக் கொண்டுபோய், எதிரியின் பிஷப் எளிதாக வெட்டக்கூடிய இடத்தில் வைத்தாள். பெண்கள் கூட்டம் சிரித்தது. மஞ்சுநாத் வெட்டினார். வெட்டியதால், அவர்களுடைய ராஜாவைக் காத்துக்கொண்டிருந்த அந்த பிஷப் காவலை விட்டு வெளியே வந்துவிட்டது. என் யானை நேராகக் கடைசி வரிசைக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. என் முறை.

நானோ, என் பெண்ணின் குதிரையை ஒருத்தர் வெட்டிவிட்டாரே என்ற ரோஷத்தில், சிப்பாயால் அந்த பிஷப்பைத் திருப்பி வெட்டினேன். தலைநிமிர்ந்து மதுவைப் பார்த்தேன், பாராட்டை எதிர்பார்த்து.

அதன்பின் நடந்தது ஆட்டமில்லை; அடக்கம்.

"பர்வாகில்ல சார், சும்னே ஆட்டம்தானே," என்று மஞ்சுநாத் கைகொடுத்தார். ஜெயித்தவர்களுக்கு எல்லாமே சும்மா ஆட்டம்தான்.

வீட்டுக்கு வந்ததும் கலா மெல்லக் கேட்டாள், "எங்கடி தப்பாச்சு?"

"அப்பா காஸ்லிங் பண்ணிட்டாரும்மா."

"அப்படின்னா?"

"வீடு எரியும்போது கர்ட்டனுக்கு இஸ்திரி போடறது."

அணியில் இடம் ரக்ஷிதாவுக்குப் போனது. மது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் கீழே போகவில்லை. நிற்பதற்குக்கூட.

இருட்டுவதற்குள் மணி அடித்தது. வாசலில் ரக்ஷிதா.

"ஆன்ட்டி, மது இல்வா? அந்தக் குதிரைய எதுக்கு அங்க வெச்சான்னு கேக்கணும். அங்கிள் மட்டும் யானைய நகத்தியிருந்தா நாங்க காலி."

அத்தனை பேர் பார்த்த ஆட்டத்தில் மது என்ன நினைத்தாள் என்று கேட்டு வந்தது அவள் ஒருத்திதான். இருவரும் பலகையை விரித்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம். யாரைப் பற்றி என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாளிலிருந்து மது கீழே நிற்கவில்லை, அந்தக் கூட்டத்தோடு நடந்தாள்; நான் 'காஸ்லிங் அங்கிள்' ஆனேன். செக்யூரிட்டிவரை அந்தப் பெயர் போயிருக்கிறது.

வீட்டிலும் அந்தச் சொல் தங்கிவிட்டது. பால் பொங்கும்போது நான் செய்தித்தாளை மடித்தால் காஸ்லிங். மழை சன்னலுக்குள் அடிக்கும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் காஸ்லிங்.

போன மாதம் ஆபீஸில் பக்கத்து இருக்கைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. நான் அடுத்த ஆண்டுக்கான என் இலக்குகளைச் சிரத்தையாகக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். நிரப்பி முடித்த அன்று மதியம் என்னையும் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, வேலை போனதைச் சொன்னேன். கலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"சிப்பாய் வர்றது தெரியலையா?"

"தெரிஞ்சுது. காஸ்லிங் பண்ணிட்டு இருந்தேன்."

உள்ளறையிலிருந்து மதுதான் முதலில் சிரித்தாள்.