அந்தோனியாரைத் தள்ளிக்கொண்டு போக ஏலாது

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள தங்கச்சி இன்பமலருக்கு,

அண்ணன் பேணாட் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அண்ணியும் நல்ல சுகம். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நீர்கொழும்பில் நிற்கும் நீயும், மகளும், புதிதாய்ப் பிறந்த பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். எங்கள் பிக்கப் மட்டும் சுகமில்லை. அது சம்பந்தமாகவும் உன் கணவர் சம்பந்தமாகவும் சில விடயங்களை உனக்கு அறியத்தர வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் மேர்வினைப் பற்றி வாய் திறந்தால் நீ உடனே கட் பண்ணிப்போடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது.

நாளையிண்டைக்கு அந்தோனியார் பெருநாள். நான் பிக்கப் வாங்கின நாள் தொட்டு ஊர்வலத்தில அந்தோனியாற்ற சிலை, எங்கட சுருவம், அதிலதான் போறது, உனக்குத் தெரியும். சத்தத்தில மன்றாட்டு விளங்காதெண்டு ஒவ்வொரு சந்தியிலயும் இஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத்தான் செபம் சொல்லுவினம், அதுவும் தெரியும். நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வரவேணுமே! போன கிழமை நான்தான் பிக்கப்பைக் கழுவி, உப்புக்காத்துப் பிடிச்ச துருவைச் சுரண்டி, பொனட்டுக்குள்ளயும் ஒரு மூலை விடாமல் வெள்ளிப் பெயின்ற் அடிச்சு, கழட்டின வயர், நட்டு எல்லாத்தையும் என்ர கையாலயே பூட்டினன். ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. ஆனபடியால் பிழை என்னில இல்லை எண்டது தெளிவு. அடுத்த நாள் திறப்பைத் திருப்பினால் 'டிக்'. அவ்வளவுதான். லைற் பளிச்செண்டு எரியுது, ஹோர்ண் ஊரைக் கூட்டுது, ஸ்டார்ட்டர் மட்டும் டிக்.

ஆரோ பற்றறியை மாத்திப்போட்டாங்கள் எண்டு நினைச்சு, பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினத்தின்ர ட்ரக்டர் பற்றறியை வாங்கிப் பூட்டிப் பார்த்தன். டிக். சுத்தியலால ஸ்டார்ட்டரில மெல்லமாத் தட்டினன், பிறகு மெல்லமில்லாமலும் தட்டினன். டிக். கராச் ஸஹாப்தீன் நானா வந்து ஸ்டார்ட்டரைக் கழட்டிக்கொண்டு போய், தன்ர மேசையில வைச்சு பற்றறியில நேராக் குடுத்தார். விர்ரெண்டு சுத்துது! "மோட்டர் நல்லம் பேணாட், வாகனத்திலதான் ஏதோ" எண்டார். அவற்ற கராச்சில சுத்துற மோட்டர் என்ர பிக்கப்பில சுத்தாதெண்டால், அது ஒரே மோட்டரோ? நான் விசரனே? குடுக்க முன்னமே ஆணியால அடியில ஒரு சிலுவை கீறி வைச்சனான். திருப்பிப் பார்த்தன், சிலுவை இருந்தது. ஆனாலும் சிலுவை கீற ஆராலயும் ஏலும்தானே.

இனித்தான் உன்ர மனுசன்ர கதை. நான் கூப்பிடேல்லை, தானாகத்தான் தன்ர புது வானைக் கொண்டுவந்து பக்கத்தில விட்டார். சிவப்பு வயரை பற்றறியிலயும் கறுப்பு வயரை இஞ்சினிலயும் கொளுவிப்போட்டு, "இப்ப அடி மச்சான்" எண்டார். அடிச்சன். ஒரே அடியில ஸ்டார்ட்! நிப்பாட்டித் திரும்ப அடிச்சன், ஸ்டார்ட்! வயரைக் கழட்டினார், டிக். இன்பமலர், நீயே சொல்லு. அவர் தொட்டால் வருது, விட்டால் வருதில்லை. இதுக்கு என்ன கருத்து? "கொஞ்சம் உள்ள பார்க்கட்டோ மச்சான்?" எண்டு தலையை நீட்டினார். பார்த்தது காணும் எண்டு பொனட்டைச் சாத்திப்போட்டன். அப்ப என்ன சொன்னவர் தெரியுமே? "எதுக்கும் பங்குச் சுவாமியிட்ட, சுருவம் ஏத்த என்ர வானையும் சொல்லி வைக்கட்டோ?" ஆ! வந்துது பார் வெளியில! அந்த வானை முந்தநாளே மினுக்கி வைச்சிட்டார், நான் மதிலுக்கு மேலால பார்த்தனான்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமெண்டும் ஒரு யோசனை சொன்னார். சந்திக்குச் சந்தி அந்தோனியாரைத் தள்ளிக்கொண்டு போறதோ? சனம் சிரிக்காதோ? இந்த ஒரு நாளுக்காகத்தான் நான் அந்த இரும்பை விக்காமல் வைச்சிருக்கிறன். இதுவும் போச்செண்டால் கோயில் முத்தத்தில நிக்க எனக்கு முகமில்லை. அதால அந்தோனியாரிட்டயே பாரத்தைப் போட்டிட்டன். காணாமற்போனதைக் காட்டிக்குடுக்கிறவர் அவர்தானே. "இந்த வேலையைச் செய்தது ஆரெண்டு எல்லாருக்கும் முன்னால காட்டித் தாரும்" எண்டு முழங்காலில நிண்டு கேட்டிருக்கிறன். அது உன்ர மனுசன் எண்டு வந்தால் நீ அழக்கூடாது, இப்பவே மனதைத் தேத்திக்கொள்.

பேரப்பிள்ளையின் நெற்றியில் எங்கள் பேரில் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடவும். உனக்கு எல்லா ஆசீரும் கிடைக்க மன்றாடும்,

உன் நன்மை ஒன்றையே நினைக்கும் அண்ணன்,
பேணாட்.

பி.கு.: கடிதத்தைத் தபாலில போட முன்னம் பெருநாள் வந்து முடிஞ்சுபோச்சு. அந்தோனியார் பார்த்துக்கொள்ளுவார் எண்டு, விடிய முன்னமே சனம் காணாமல் பிக்கப்பைக் கோயிலடிக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டிட்டன். சுருவம் ஏத்தியாச்சு, சுவாமியும் பாட்டுக்காரரும் சனமும் சுத்திவர நிக்குது, திறப்பைத் திருப்பினன். டிக். மேர்வின் என்னட்டக் கேக்கவுமில்லை, வெள்ளைச் சேட்டோட பொனட்டைத் திறந்து, இஞ்சினிலயிருந்து வாகனத்தின்ர பொடித் தகட்டுக்குப் போற ஏர்த் வயரைக் கழட்டி, அது பூட்டுற இடத்தைக் கத்தியால சுரண்டு சுரண்டெண்டு சுரண்டினார். எல்லாம் வெள்ளிப் பெயின்ற். நான்தான் பெயின்ற்றுக்கு மேல வயரைப் பூட்டியிருக்கிறன், கரண்ட் போக வழியில்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சந்தியிலயும் ஒரே அடி. அந்தோனியார் நான் கேட்டபடியே, எல்லாருக்கும் முன்னால, ஆரெண்டு காட்டித் தந்திட்டார். எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு, தங்கச்சி. உன்ர மனுசனை முன் சீற்றில எனக்குப் பக்கத்திலயே இருத்திக்கொண்டு போனன். ஆனபடியால் மேல எழுதின ஒண்டையும் வாசிக்காதை. நாளைக்கு மேர்வின் உங்களிட்ட வாறார், இதை அவரிட்டயே குடுத்துவிடுறன். ஊர்வலம் முழுக்க அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லேல்லை, சிரிக்கவும் இல்லை. அது ஏனெண்டுதான் எனக்கு விளங்கேல்லை. உறை ஒட்டின இடத்தில வெள்ளிப் பெயின்ற் ஒரு சொட்டு வைச்சிருக்கிறன். அது வெடிச்சிருந்தால் எனக்கு உடன சொல்லு.