பூட்டிய அறைக்குப் போட்ட கையெழுத்து

இன்சூரன்ஸ் ஏஜெண்டாகப் போகிறவர்களுக்கு என் ஒரே புத்திமதி: முதல் பாலிசியை மாமனார் வீட்டில் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன். அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகி எட்டே மாதம். நெருப்பு இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுத்த புது மிடுக்கோடு கோட்டையூருக்குப் போய், "வீட்டுக்கு மட்டும் போட்டாப் பத்தாது மாமா, உள்ள இருக்கிற சாமானுக்கும் முழு மதிப்புக்குப் போடணும்" என்று பிரசங்கம் செய்தேன். மாமா தலையாட்டினார். (மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் அங்கே தலையாட்டுவார்கள். அது சம்மதம் அல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.)

சாமான் என்றால் கொஞ்சநஞ்சமில்லை. என் மைத்துனி வள்ளியம்மைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து மாமியார் சேர்த்த சீர் முழுவதும் மாடி அறையில் இருந்தது. பட்டுச் சேலைகள், மெத்தைகள், பாய்கள், மரப்பெட்டிகள்.

மதிப்புப் போடக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் தோல்பை, முகத்தில் சிரிப்பே இல்லை. மாமியார் ஒரு பார்வைதான் பார்த்தார். என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, இவுக வருமான வரிக்காரவுகதானே? மறைக்காதீக."

"இல்லை அத்தை, இன்சூரன்ஸ்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வருவாக. கல்யாணத்தன்னைக்கு ஊரே பாக்கப் பரப்பி வைப்பேன். அதுக்கு முந்தி ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது."

அதற்குள் இன்ஸ்பெக்டர் மாடியேறிவிட்டார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பூட்டிய கதவின் முன் நின்று, "இதுல என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லை, வெறும் அறை" என்றார் மாமா.

"திறந்து காட்டுங்க."

"சாவி கொத்தமங்கலத்துல என் மூத்த மக கையில இருக்கு" என்றார் மாமியார். மூத்த மகள் என்றால் என் மனைவி மெய்யம்மை. அவள் அப்போது மாமியாருக்குப் பின்னால்தான் நின்றாள். நாங்கள் குடியிருந்ததோ செக்காலையில். சாவிக்கொத்து மாமியாரின் இடுப்பில் கிணுகிணுத்தது.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மாமியார் வீட்டுச் சோறு போகும். பொய் சொன்னால் தொழில் போகும். நான் சோற்றுப் பக்கம் சாய்ந்தேன். "வெறும் அறைதான் சார். நானே பாத்திருக்கேன்" என்றேன். அவர் அப்படியே எழுதி, அடியில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். இனிஷியலோடு, அடிக்கோடும் இழுத்துப் போட்டேன்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அந்த அறையில் மின்கம்பி உரசித் தீப்பிடித்தது. தெருவே குடமும் வாளியுமாக ஓடிவந்து அணைத்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டும் மெத்தையும் கரியாகிவிட்டன. வள்ளியம்மை முற்றத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமியார் அழவில்லை. "அதான் மாப்பிள்ளை இன்சூரன்ஸ் போட்டிருக்காகளே" என்று அவளைத் தேற்றினார். எனக்கு நான் இழுத்த அடிக்கோடுதான் நினைவுக்கு வந்தது.

நஷ்டம் பார்க்க வந்தவரும் அதே இன்ஸ்பெக்டர்தான். மாமியார் இம்முறை ஒன்றையும் மறைக்கவில்லை. இருபது வருஷமாகச் சேர்த்ததை நிறம், கரை, வாங்கிய கடை என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பையிலிருந்து பழைய படிவத்தை எடுத்தார்.

"வெறும் அறைன்னு எழுதியிருக்கே?"

அடியிலிருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"நீங்களே பாத்ததா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தூணைப் பார்த்தார். மாமியார், அந்தப் பொய்யை நான்தான் பெற்றுப் பெயர் வைத்ததுபோல, என்னைப் பார்த்தார்.

கதவுக்கும் உத்தரத்துக்கும் மட்டும் பணம் வந்தது. சீருக்குக் காலணா வரவில்லை. ஏஜென்சியும் போனது. ஆனால் கல்யாணம் நிற்கவில்லை. மெய்யம்மை தன் சீரில் வந்த, மடிப்புக் கலையாத சேலைகளையும் மெத்தைகளையும் ஒரு மாட்டுவண்டி நிறைய ஏற்றித் தங்கைக்கு அனுப்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, வண்டிக்குப் பின்னால் நடந்தே போனேன்.

அதோடு எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் உரிமையை இழந்தேன். பிள்ளைகளின் மார்க் அட்டையோ, தபால்காரர் நீட்டும் ரசீதோ, எல்லாம் மெய்யம்மைதான். வள்ளியம்மை வீட்டில் யாராவது துணிந்து புளுகினால், "இதுக்கு அத்தான் கையெழுத்துப் போடுவாகளா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். என் கண்தானே என்று பேனாவை வாங்கினேன். "இங்குட்டுக் குடுங்க" என்று மெய்யம்மை பிடுங்கி, இரண்டு தடவை படித்தாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள்: "இவுக கண்ணைத் திறந்து பாத்து எழுதினீகளா, இல்லை இவுக சொன்னதைக் கேட்டு எழுதினீகளா?"