சீல் உடையவில்லை, எண்கள் மட்டும் மாறுகின்றன

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். கம்ப்யூட்டர்தான் ஒரு வாரமாகச் சரியில்லை. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். மின்னஞ்சல் அனுப்பாமல் பேனாவை எடுத்ததற்குக் காரணம், அந்த மெஷினில் உட்கார்ந்து அதையே குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலி நூலகத்துக்கு உன் அத்தை பாடம் வாசிப்பதும், நான் அதைப் பதிவு செய்து அனுப்புவதும் உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது நெட்வொர்க் செட்டிங்குக்குள் போய்ப் பன்னிரண்டு எண்களைப் போட்டாய். "மாமா, இந்த நம்பர் இருந்தாதான் நூலகம் உள்ளே விடும். தொட்டுடாதீங்க" என்றாய். நான் தொடுவேனா? முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். எண்களை ஒரு சீட்டில் எழுதித் திரைக்கு மேலேயே ஒட்டிவைத்தேன். போன திங்கட்கிழமை காலையில் பார்த்தால் எண்கள் மாயம். திரும்பப் போட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் மாயம். வீட்டில் இருப்பது இரண்டே பேர், நான் தொடவில்லை, மீதி யார்? பாடம் வாசித்துக்கொண்டிருந்த உன் அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

"அதை ஆன் பண்ணவே எனக்கு நீங்க வேணும். நான் எதுக்குங்க நம்பரை மாத்தப்போறேன்?"

"அப்ப நம்பருக்குக் கால் முளைச்சுடுச்சா?" என்று கத்தி, சீட்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக மூன்று தடவை உரக்க வாசித்துக் காட்டினேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அது தெரியாமல் பத்தாவது பாடத்தை அப்படியே அனுப்பியும் வைத்தேன்.

அன்று சாயங்காலம் முதல், ஸ்டோரில் செய்வதுபோல லேப்டாப்பை மூடி, காகிதப் பட்டை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். உன் அத்தை அந்தப் பட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம் அவள் வாய் திறந்தது மைக் முன்னால் மட்டும்தான். தாவரங்கள் மூச்சு விடுவதைப் பற்றி அவ்வளவு அன்பாக வாசிப்பாள், பக்கத்தில் நான் ஒருத்தன் மூச்சு விடுவதைக் கண்டுகொள்ளவே மாட்டாள். புதன், வியாழன் இரண்டு நாளும் காலையில் சீல் அப்படியே இருந்தது. திறந்தால் ஓரத்தில் ஒரு செய்தி வரும். வாட்ச்மேன் வணக்கத்துக்குத் தலையாட்டுவதுபோல "சரி"யை அமுக்குவேன். பிறகு பார்த்தால் எண்கள் இருக்காது. வியாழனன்று "எப்போதும் இப்படியே செய்யவா?" என்று அது கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று அதற்கும் "சரி" சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதான் கழுத்தைப் பிடித்தது. பதினோராவது பாடம், அதுதான் கடைசி. அதற்காகக் காத்திருந்த மாணவிக்குத் திங்கட்கிழமை பரீட்சை. எண்களைப் போட்ட கையோடு அழிந்தன. ஒன்பது தடவை போட்டேன், ஒன்பது தடவையும் அழிந்தன. "அந்தப் பொண்ணு நம்மளை நம்பி உக்காந்திருக்குங்க" என்று உன் அத்தை கண் கலங்கினாள். மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அந்த நேரம் பார்த்து போன். அந்த மாணவியேதான், நூலகத்தில் எங்கள் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அங்கிள், பத்தாவது பாடத்துல நீங்க ஆன்ட்டியோட சண்டை போடறது கேட்டுச்சு. புதுசா ஆன்டிவைரஸ் ஏதாவது போட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று திரையில் வந்ததைப் பார்த்து பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஒன்றைப் போட்டிருந்தேன்.

"அதேதான் அங்கிள்! நாமளா போட்ட நம்பர்னா அதுக்கு சந்தேகம். அது அழிக்கவான்னு கேட்டிருக்கும், நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்க. எனக்கும் இதே கூத்துதான் நடந்துச்சு."

திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை ஆளும் பெண் அவள். கண்ணாடி போட்ட எனக்கு எங்கே அமுக்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் இருப்பதை ஆன்டிவைரஸ் தொடாதாம். அதில் எண்களைச் சேர்த்ததும் ஆன்டிவைரஸ் கப்சிப். பாடம் போய்ச் சேர்ந்தது. உன் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் கண் முன்னாலேயே காகிதப் பட்டைகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சிரித்துவிட்டாள். இனிமேல் எதையும் படிக்காமல் அமுக்க மாட்டேன். ஆகவே நீ லீவு போட்டு வரவேண்டியதில்லை.

எல்லாருக்கும் எங்கள் ஆசிகள். குறையில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிட்டு உடனே கிளம்பு. சற்று முன் ஓரத்தில் செய்தி வந்தது. கை பழக்கத்தில் அமுக்கிவிட்டேன். விலக்குப் பட்டியலைக் காலி செய்யவா என்று கேட்டதாம், பின்னால் நின்ற உன் அத்தை படித்திருக்கிறாள். எண்கள் எழுதிய சீட்டையோ பட்டைகளோடு சேர்த்துக் கிழித்துவிட்டேன். உன் போனும் அணைந்து கிடக்கிறது. வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். பரீட்சை முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள், நன்றாக எழுதியிருக்கிறாளாம். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "சீட்டு எதுக்கு அங்கிள்? நீங்கதான் பாடத்துக்கு நடுவுல மூணு தடவை கத்தினீங்களே" என்று பன்னிரண்டு எண்களையும் மடமடவென்று ஒப்பித்தாள். உன் அத்தை எழுதிக்கொண்டாள்.