கூப்பிடு தூரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்த வரியை எழுதும் நேரத்து நிலவரம்தான்.

என் மகளை, அதாவது உங்கள் மருமகளை, கல்லூரியில் விட்டுவிட்டு இரண்டு நாளில் திரும்பி வருகிறேன் என்று கிளம்பியவன் மாதம் ஒன்றாகியும் ஏன் வரவில்லை என்று உங்கள் தங்கை உங்களிடம் புலம்பியிருப்பாள். அவளிடம் காரணத்தைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. போனில் உங்களிடம் சொல்லலாம் என்றால் இங்கே லாரிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. நீங்கள் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னீர்கள், ஊருக்கு வெளியே கடைசி ஸ்டாப் பக்கம் வாடகை குறைவு, மாணவர் பாஸ் எடுத்துவிட்டால் ஒரே பஸ்ஸில் ஏறிக் கல்லூரி வாசலில் இறங்கிக்கொள்ளலாம் என்று. பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருப்பவர் பஸ்ஸில் போகத்தானே சொல்வார் என்று நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கல்லூரியில் சேர்க்கிற அன்றைக்கு, பணம் கட்டும் வரிசையில் மாடி ஜன்னலோரமாக நின்றுகொண்டிருந்தேன். நேர் எதிரே ஒரு வீடு, கீழே டயர் கடை, மேலே ‘அறை வாடகைக்கு’ என்று ஓர் அட்டை. படிக்கிற பிள்ளை பஸ் செலவு, ஆட்டோ செலவு எதுவும் இல்லாமல் நடந்தே போய் வரலாம் என்றால் வாடகை கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே என்று வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். இறங்கி ரோட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனோம். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. நடுவில் இருக்க வேண்டிய இரும்புத் தடுப்பைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நட்ட நடு ரோட்டில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாய் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு அமைதியான தெரு இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும் என்று நான் உங்கள் மருமகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா, “காலேஜ் மணி அடிச்சா இங்க கேக்கும் சார், கூப்பிடு தூரம்தான்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மணி நன்றாகவே கேட்கிறது. அங்கேயே முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். தார் போடுவதற்காக அன்று ஒரு நாள் ரோட்டை மூடியிருந்தார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தார் போட வந்தவர்கள் என்பதெல்லாம், சாமான்களோடு குடி வந்த மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதை ரோடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. லாரி, அதை முந்துகிற பஸ், பஸ்ஸை முந்துகிற கார், இவை மூன்றுக்கும் நடுவில் புகுந்து புறப்படுகிற மோட்டார் சைக்கிள். இந்தப் பக்கம் இப்படி என்றால் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இதே கதை, திசைதான் வேறு. நடப்பவர்களுக்கென்று ஒரு மேம்பாலம் கட்ட ஆரம்பித்து, ஏறுகிற படியை மட்டும் கட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவிலேயே தலை நரைத்து ரிடையர் ஆனவன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ரோட்டில் வண்டியைப் பார்க்கிறார்கள், நான் ஃபைலைப் பார்க்கிறேன். பால் வண்டி வளைந்து திரும்பினால் இடது முழங்கால் என்று மனசு சொல்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒருவன் நடந்தால் சாட்சி யார் யார் என்று சுற்றும் முற்றும் தேடுகிறேன். எனக்குப் பயம் மச்சான்.

முதல் நாளே உங்கள் மருமகளைக் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன். கண்டக்டர், “எங்க போகணும்?” என்றார். “எதிர்ப்பக்கம்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எதிர்ப்பக்கத்துக்கெல்லாம் டிக்கெட் இல்ல சார், சிக்னல்ல எறங்கி அந்தப் பக்கம் போய் வேற வண்டி புடிங்க” என்றார். அந்த சிக்னல் அடுத்த பேட்டையில் இருக்கிறது. அங்கே இறங்கி, பச்சை விளக்குக்குக் காத்திருந்து, பஸ் மாறி, அதே கட்டடங்களையெல்லாம் மறுபடியும் பார்த்துக்கொண்டே வந்து கல்லூரி வாசலில் இறங்கினால் எதிரே எங்கள் ஜன்னலில் நான் காயப் போட்ட துண்டு ஆடிக்கொண்டிருக்கிறது. தினமும் இதே யாத்திரைதான். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் தனியாக வேறு திரும்பி வர வேண்டும், சாயங்காலம் மறுபடி போய் அழைத்து வர வேண்டும். ஊருக்கு வெளியிலிருந்து வருகிற பிள்ளைகள் பாஸைக் காட்டிவிட்டு வருகிறார்கள். கல்லூரியிலேயே அதிகமாகப் பஸ்ஸுக்குச் செலவு செய்வது, கல்லூரிக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிற நாங்கள்தான்.

செலவு போனால் போகட்டும். இந்தச் சுற்று சுற்றியதில் அவள் ஒரு நாள்கூட முதல் வகுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வகுப்பு வாத்தியார் அம்மா என்னை வரச் சொல்லி, “வீடு எங்க இருக்கு?” என்று கேட்டார்கள். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினேன். அவர்கள் துண்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “கேலி பண்றீங்களா? இனி ஒரு நாள் லேட்டானாலும் பரீட்சை எழுத விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் உங்கள் மருமகள், “எல்லாரும் தாண்டித்தாம்ப்பா வர்றாங்க. தடுப்புல ஒரு கம்பி கழண்டிருக்கு, அது வழியா நுழைஞ்சா ரெண்டு நிமிஷம். நீங்க ஊருக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். “எல்லாரும் தாண்டினா எல்லாருக்கும் ஃபைல் வரும்” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பரீட்சை எழுதாவிட்டால் ஒரு வருஷப் படிப்பு போய்விடும் மச்சான், அது எனக்குத் தெரியாதா?

நேற்றுக் காலை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அறையில் ஆளைக் காணோம். ஜன்னலுக்கு ஓடினேன். நடு ரோட்டில், அந்தக் கம்பி இல்லாத சந்தில், பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நுழைந்துகொண்டிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து டயர் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு மாடிக்கு ஓடி வந்துவிட்டார், திருடன் என்று நினைத்தாராம். அதற்குள் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டயர் கடைக்காரர்தான் தண்ணீர் கொடுத்தார். அன்று அவள் நேரத்துக்கு வகுப்பில் இருந்தாள் என்பது வேறு விஷயம். அப்போதிலிருந்து அவளுடைய செருப்பு இரண்டும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன.

ஆகவே மச்சான், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊர் டிப்போவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்லி, எவ்வளவு தூரமானாலும் பரவாயில்லை, கல்லூரி இருக்கிற பக்கமாகவே பஸ் வந்து நிற்கிற மாதிரி ஓர் அறை பார்த்துக் கொடுங்கள். கொடுத்த முன்பணம் போகட்டும். உங்கள் மருமகளுக்கும் ஒரு கடிதம் எழுதி, அந்த ரோட்டில் இனிமேல் காலை வைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்கள். தகப்பன் சொன்னால்தான் கிண்டல், தாய்மாமன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் என் ஆசிகள், நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். சின்னவன் சைக்கிள் கேட்கிறானாமே, வேண்டாம்.

இப்படிக்கு,
பயத்தோடும் மரியாதையோடும்
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட நான் மட்டும் கீழே இறங்கினேன். டயர் கடையை ஒட்டி இருந்த தபால் பெட்டியைக் காணோம். விடியற்காலையில் ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டதாம். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் ரோட்டோரமாக நின்றது தப்பாகப் போய்விட்டது. கல்லூரிப் பெண்கள் சிலர் வந்தார்கள். “தாத்தா, தாண்டணுமா? கையக் குடுங்க” என்று ஒருத்தி பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாதி ரோடு வந்துவிட்டது. இப்போது கல்லூரிப் பக்கத்து நடைபாதையில் உட்கார்ந்து, மடியில் வைத்து இதை எழுதுகிறேன். திரும்பிப் போக பஸ்ஸுக்குக் கையில் காசில்லை, மணிபர்ஸ் அறையில் இருக்கிறது. உங்கள் மருமகள் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னலில் இப்போது ஆள் இல்லை. கீழே வந்துவிட்டாள் மச்சான், ரோட்டோரத்தில் நிற்கிறாள், வெறுங்காலோடு நிற்கிறாள். வராதே வராதே என்று கத்துகிறேன், லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காலை எடுத்து வைத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மாமா, நான்தான். அறை எதுவும் பார்க்க வேண்டாம், அப்பாவைத் திருப்பிக் கூட்டிப்போய் இன்று ரயிலேற்றிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. வந்தவுடன் தோளைத் தொட்டேன். “யாருங்க அது? என் பொண்ணு பத்திரமா தாண்டிட்டாளான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று என்னிடமே கேட்டார். தாண்டிவிட்டாள் என்றேன். “அடி ஒண்ணும் படலையே?” என்றார். இல்லப்பா என்றேன். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை, என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.