முன்னால் போன கரடி

கரடித் தலைக்குள் மூக்குக்கண்ணாடி நுழையவில்லை. சிவசுப்பிரமணியன் நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். ம்ஹூம்.

"அதக் கழத்தி வச்சிட்டுப் போங்க. கரடி என்ன பேப்பரா படிக்கப் போவுது?" என்றாள் மனைவி சண்முகத்தாய்.

கழற்றினார். தூத்துக்குடியே பனி மூடியதுபோல் மங்கிவிட்டது.

ஐம்பத்தாறு வயதில், ஒரு பாத்திரக்கடை முதலாளிக்கு இது தேவையா என்று கேட்கலாம். இரண்டாம் வகுப்பு படிக்கையில் அவருக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போனது. "எம்புள்ளய எழுப்பி உக்கார வையி தாயே. கரடி வேசம் போட்டு உன் தசராவுக்குத் தெருத்தெருவா ஆடுவான்" என்று குலசை முத்தாரம்மனிடம் அம்மா நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். படித்தான், கடை வைத்தான், ஆடத்தான் இல்லை. வெட்கம். அம்மா ஒவ்வொரு தசராவுக்கும் ஒரு பார்வை பார்ப்பாள். வாய் திறந்து கேட்டதில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பார்வைதான் போகவில்லை.

தசராக் குழுத் தலைவர் இசக்கிராஜா மேளக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஆட்டம் எப்படின்னு ஒருக்காச் சொல்லுங்களேன்."

"ஆட்டமா? மேளம் அடிச்சா கால் தன்னால வரும் அண்ணாச்சி!"

மேளம் அடித்தது. கால் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு கரடி நிற்பதைப் பார்த்தார். இடுப்பில் கை, நிமிர்ந்த தலை. பழுத்த அனுபவசாலி என்று தோன்றியது. இதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று ஒட்டி நடந்தார்.

முதல் தெருவிலேயே சணல் உடைக்குள் முதுகு அரித்தது. சொறிந்தார். அந்தக் கரடியும் சொறிந்தது. ஓஹோ, இது ஒரு அடவு போலிருக்கிறது என்று இன்னும் நன்றாகச் சொறிந்தார். அதுவும் சொறிந்தது. கூட்டம் கைதட்டியது.

அடுத்த தெருவில் வேகத்தடை தெரியாமல் தடுக்கி மண்டியிட்டு விழுந்தார். மறுகணம் அந்தக் கரடியும் மண்டியிட்டது. சிவசுப்பிரமணியன் மனசுக்குள் கும்பிட்டார். 'என் தப்பு வெளிய தெரியக்கூடாதுன்னு தானும் விழுதானே, என்ன மனுசன்!'

பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. அதன் எதிரில்தான் சின்ன வயதில் கரடிக்குப் பயந்து அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார். அந்த நினைப்பிலேயே கால்கள் ஆடிக்கொண்டு போயின. நினைப்பு கலைந்தபோது மேளச் சத்தம் இல்லை. ஏதோ ஒரு சந்து. அவரும் அந்தக் கரடியும் மட்டும்.

குறுக்கு வழியாகக் கூட்டிப் போகிறான் போல என்று தைரியமாக இருந்தார். நாய்கள் வரும்வரை.

நான்கு நாய்கள். இரண்டு கரடிகளும் ஓடின. சந்து முனையில் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ நின்றது. இரண்டும் ஒரே தாவலில் ஏறின. இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"ஏ அண்ணாச்சி, நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். கரடித் தலைக்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி அடங்கியது.

வண்டி திருநெல்வேலி ரோட்டில் பறந்தது. உப்புக்காற்று கண் ஓட்டை வழியே அடித்தது. இப்படித்தான் அம்மா மடியில் உட்கார்ந்து குலசைக்குப் பஸ்ஸில் போவார். ஜன்னலோரம் அவருக்கு, வெயில் அம்மாவுக்கு.

அந்த ரோட்டோரச் சிற்றூரான புதுக்கோட்டையில் டீக்கடை முன்னால் வண்டி நின்றது. டிரைவர் விக்டர் டீயோடு திரும்பியவர், மூட்டைமேல் இரண்டு கரடிகள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "ஏசுவே!" என்று கிளாஸைக் கீழே போட்டார்.

பஸ் ஸ்டாப்பே திரண்டுவிட்டது. "ஏலே, குலசைக் கரடிலே! ஒரு ஆட்டம் போடச் சொல்லுலே!"

டீக்கடைக்காரர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். சிவசுப்பிரமணியன் இறங்கினார். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை தாயின் சேலைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கண்ணாடி இல்லாமலே அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அதன்பின் அவர் யாரையும் பார்க்கவில்லை. சொறிந்தார், மண்டியிட்டார், உருண்டார், எழுந்தார். கால் தன்னால் வந்தது. 'ஆடிட்டேன்மா' என்று தலைக்குள் சொல்லிக்கொண்டார். உள்ளே வழிந்தது வியர்வை மட்டுமில்லை.

திருப்பிக் கொண்டுபோய் விடுவதாக விக்டர் சொன்னார். மூட்டைமேல் ஏறி உட்கார்ந்ததும் சிவசுப்பிரமணியன் தலையைக் கழற்றினார். பக்கத்துக் கரடியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆசானே, இன்னைக்கு நீங்க இல்லன்னா எங்கம்மா நேத்திக்கடன் கடைசிவரைக்கும் நின்னு போயிருக்கும்."

அந்தக் கரடியும் தலையைக் கழற்றியது. உள்ளே, வியர்வையில் குளித்து, கல்லூரி முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய வயதில் ஒரு பெண். திருதிருவென்று விழித்தாள்.

"ஐயோ அண்ணாச்சி, எனக்கு இதுதான் முதல் வருசம். காலையில இருந்து நீங்க என்ன செஞ்சியளோ அதத்தான் நானும் பாத்துப் பாத்துச் செஞ்சிட்டு வாரேன்!"