மூணாம் டப்பா டாக்டர்

உலகத்தில் உள்ள எதையும் மூன்றாகப் பிரித்துவிடலாம் என்று நம்பியவர் எங்கள் மூணாம் டப்பா டாக்டர் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் அவர் மைக்ராஸ்கோப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அங்கே ஸ்லைடு கழுவினேன்.

பித்தக்குழாய்க்குள் முளைக்கும் கட்டிகள் மேல் அவருக்குத் தனிக் கிறுக்கு. ஸ்லைடுகளை வைக்க ஆஸ்பத்திரி கொடுத்தது இரண்டு மரப்பெட்டிகள். ஒன்று நல்ல கட்டிக்கு, மற்றது புற்றுக்கு. இவர் வீட்டிலிருந்து ஒரு ஜவ்வரிசி டப்பாவைக் கொண்டுவந்து மூன்றாவதாக வைத்தார். இன்னும் புற்றாகவில்லை, ஆனால் ஆகக் கிளம்பிவிட்டது என்று அவருக்குப் பட்டவை அதற்குள் போகும்.

பெரிய சர்ஜன் கீழே இறங்கி வந்து கத்துவார்.

"ஏனுங்க, நல்லதா கெட்டதா? ஒண்ணு சொல்லுங்க!"

"கெட்டதில்லீங்க. நல்லதுன்னும் சொல்ல மாட்டனுங்க."

"அப்புறம் நான் என்னத்தைங்க பண்றது?"

"மிச்சம் வெக்காம எடுத்துப்போடோணுமுங்க."

"ஜவ்வரிசி டப்பாவை நம்பி வயித்தைக் கிழிக்கச் சொல்றீங்களாக்கும்!"

வெளியிலும் இதே கதைதான். ஒருநாள் ஓமலூர் பஸ்ஸில் ஏறப் போனவர், டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது மூணாம் டப்பாங்க, நான் வல்லீங்க" என்றார். "டயருக்கும் மருந்து எழுதிக் குடுங்க பெரியவரே" என்று கண்டக்டர் விசில் ஊதினார். டாக்டர் நடந்தார். மூன்று மைல் தள்ளி பஸ் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. அதைத் தாண்டும்போது குடையை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினாராம்.

ஸ்லைடில் எண் மட்டும்தான் எழுத விடுவார். "பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும் சாமி."

அந்த எண்களில் ஒன்று என் மனைவி பழனியம்மாள். எருமப்பட்டிக்காரி. காமாலை என்று படுத்தாள். அறுத்தபோது பித்தக்குழாய்க்குள் கட்டி இருந்தது. அதைப் பாட்டிலில் நானே லேபுக்குக் கொண்டுபோனேன். யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது.

டாக்டர் எட்டு நாள் பார்த்தார். "பாசி மாதிரி படந்திருக்குது... செவுத்தைத் தாண்டலை" என்று முனகுவார். திரும்பவும் குனிவார். பிறகு ஸ்லைடு ஜவ்வரிசி டப்பாவுக்குள் போனது. எனக்குத் தெரிந்து முதல்முறையாக, மாடிப்படி ஏறிப் போய் சர்ஜனிடம் மன்றாடினார்.

"புத்து இல்லைல்ல? அப்ப ஊட்டுக்குப் போகட்டும்" என்றார் சர்ஜன்.

நான் கதவருகே நின்றேன். இன்னொருமுறை அறுங்கள் என்று நானும் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி பஸ் ஏறினாள்.

ஒன்றரை வருஷத்தில் மஞ்சள் திரும்பியது. இந்தத் தடவை டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. புற்றுப் பெட்டி. யாரும் அவரோடு வாதாடவும் இல்லை.

அவள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அது உன்ற சம்சாரத்துதுன்னு அன்னைக்கே தெரியும் சாமி. பாட்டில் உன்ற கையில ஆடுச்சு."

"அப்பக் கண்ணு பொய் சொல்லலீங்களா?"

"சொல்லச் சொல்லித்தான் எட்டு நாள் கண்ணுகிட்ட கெஞ்சுனேன். கேக்கலையே."

அவர் ஓய்வு பெற்றுப் போனபின் டப்பாவைத் திறந்தேன். எண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஸ்லைடில் பெயர் இருந்தது. அவருடைய கோணல் கையெழுத்தில், பழனியம்மாள்.

ஸ்லைடு கழுவுவதுதான் என் வேலை. அதை மட்டும் நான் கழுவவில்லை.